மெல்லிய தகடும் பெரிய கனவும்

நுழையும்முன்

நாள்தோறும் கையாளும் எளிய பொருள்களின் பின்னே நெடிய உழைப்பு மறைந்திருக்கிறது. தாளைப்போல மெலிந்த எஃகுத் தகடு ஒன்று உலக மக்களின் காலைப்பொழுதை மாற்றியது. அத்தகட்டைக் கனவுகண்டவர், உலகையே மாற்றியமைக்க வேண்டும் என்னும் மற்றொரு கனவையும் சுமந்து வாழ்ந்தார். முதற்கனவு நனவாயிற்று, இரண்டாவது நூல்களில் நின்றுவிட்டது. இரண்டையும் சுமந்த கிங் கேம்ப் ஜில்லெட்டின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

நெருப்பில் இழந்த செல்வம்

அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஃபான் டு லாக் என்னும் ஊர் உள்ளது. அங்கு 1855ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் கிங் கேம்ப் ஜில்லெட் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் சிகாகோ நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை இரும்புப் பொருள்கள் வணிகம் செய்தார்; புதிய கருவிகளை உருவாக்கிப் பார்ப்பதிலும் விருப்பம் உடையவர். தாய் ஃபேனி சமையற்கலையில் வல்லவர். அவர் எழுதி 1887இல் வெளிவந்த வெள்ளை மாளிகைச் சமையல் நூல், அமெரிக்க இல்லங்களில் நெடுங்காலம் புகழ்பெற்று விளங்கியது. கையில் கிடைத்ததைப் பிரித்துப் பார்ப்பதும், குறை கண்டால் திருத்த முயல்வதும் அவ்வீட்டின் இயல்பாக இருந்தன.

1871ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் சிகாகோ நகரைப் பெருந்தீ சூழ்ந்தது. மரத்தால் அமைந்த வீடுகளும் கடைகளும் சாம்பலாயின. ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் வீடிழந்தனர். ஜில்லெட் குடும்பத்தின் வணிகமும் அத்தீயில் அழிந்தது. அப்போது அவருக்கு வயது பதினாறு. வளமாக வாழ்ந்த குடும்பம் இரண்டு நாள்களில் வறுமையைக் கண்டது. படிப்பைத் தொடர வழியின்றி, இளம் வயதிலேயே ஊர் ஊராகச் சென்று பொருள்களை விற்கும் விற்பனையாளர் பணியில் அவர் சேர்ந்தார்.

வீசியெறியும் பொருள்

தொடர்வண்டியிலும் விடுதிகளிலுமாக அவருடைய இளமை கழிந்தது. தாம் விற்ற பொருள்களில் குறை தென்பட்டால் அதை நீக்கும் வழியைத் தேடுவார். அவ்வாறு உருவாக்கிய சில கருவிகளுக்குக் காப்புரிமையும் பெற்றார். ஆனால், அவற்றால் அவருக்குப் பெரும் பொருள் எதுவும் கிட்டவில்லை.

1890களின் தொடக்கத்தில் பால்டிமோர் நகரைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. புட்டிகளின் வாயை இறுக மூடும் மூடிகளை அந்நிறுவனம் செய்தது. விளிம்பு மடிந்த தகரமும் உள்ளே தக்கையும் கொண்ட அம்மூடியை உருவாக்கியவர் வில்லியம் பெயிண்டர். குளிர்பானப் புட்டிகளில் இன்றும் காணப்படும் மூடி அதன் வழிவந்ததே. புட்டியைத் திறந்தவுடன் மூடி குப்பைக்குப் போய்விடும். அடுத்த புட்டிக்கு அடுத்த மூடி வேண்டும். இதுவே பெயிண்டரின் செல்வத்திற்குக் காரணம். ஒருமுறை பயன்படுத்தி வீசிவிட்டு, மக்கள் மீண்டும் வாங்க வருகின்ற ஒரு பொருளைக் கண்டுபிடிக்குமாறு அவர் ஜில்லெட்டுக்கு அறிவுரை கூறினார். அந்த அறிவுரை ஜில்லெட்டின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. எழுத்துகளை அகர வரிசையில் எடுத்துக்கொண்டு, மனிதருக்குத் தேவையான பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். விடை எளிதில் கிடைக்கவில்லை.

போட்டியில்லா உலகம்

இக்காலத்தில் அவர் சிந்தனை வணிகத்தோடு நிற்கவில்லை. ஊர் ஊராகச் சென்றவர் ஒரே பொருளைப் பல நிறுவனங்கள் போட்டியிட்டு விற்பதையும், அப்போட்டியில் உழைப்பும் பொருளும் வீணாவதையும், ஒருபுறம் செல்வம் குவிய மறுபுறம் வறுமை பெருகுவதையும் கண்டார். 1894இல் மனிதகுலத்தின் போக்கை ஆராயும் நூல் ஒன்றை வெளியிட்டார். மக்கள் அனைவரும் பங்குதாரர்களாக உள்ள ஒரே பெருநிறுவனம் எல்லாப் பொருள்களையும் உற்பத்தி செய்ய வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. நயாகரா அருவியின் ஆற்றலால் இயங்கும் மாபெரும் நகர் ஒன்றையும் அதில் வரைந்து காட்டினார். போட்டியே சமுதாயத்தின் நோய் என்று கருதிய அவரே, பிற்காலத்தில் கடும் போட்டி நிறைந்த சந்தையில் பெருஞ்செல்வர் ஆனார்.

மழுங்கிய கத்தி

1895ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள் காலை, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புருக்லைன் ஊரிலுள்ள தம் இல்லத்தில் ஜில்லெட் முகச்சவரம் செய்ய முற்பட்டார். கத்தி மழுங்கியிருந்தது. தோல்வாரில் தீட்டினால் சரியாகும் நிலையையும் அது கடந்திருந்தது. சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால்தான் மீண்டும் கூர்பெறும். கையில் கத்தியோடு நின்ற அந்நேரத்தில்தான் புதிய கருவியின் உருவம் தம் மனத்தில் தோன்றியதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அக்காலச் சவரக்கத்தி தடித்த முதுகும் கூரிய விளிம்பும் உடையது, உறைக்குள் மடிந்துகொள்வது. அதைக் கையாளத் தனித்திறன் வேண்டும். தோலோடு கத்தி படியும் கோணத்தைக் கையே தீர்மானிக்க வேண்டும். கோணம் மிகக் குறைந்தால் முடி அறுபடாது. கூடினால் தோல் சுரண்டப்படும். கை சற்றே நடுங்கினாலும் குருதி கசியும். ஓடும் தொடர்வண்டியில் அக்கத்தியைப் பிடிப்பது பெருந்துன்பம்.

இத்துன்பத்தைக் குறைக்க முயன்றோர் ஜில்லெட்டுக்கு முன்பும் இருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் ஜான் ழாக் பெரே, கத்தியின் விளிம்பு சிறிதளவே வெளியே தெரியும்படி மரக்காப்பு ஒன்றைப் பொருத்தினார். 1847இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்சன், மண்வெட்டியைப்போலக் கைப்பிடிக்குக் குறுக்காக அலகு அமைந்த கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1880இல் நியூயார்க்கின் கேம்ஃபே சகோதரர்கள், தோலைக் காக்கும் தடுப்போடு கூடிய கருவியைச் செய்தனர். தோல் வெட்டுப்படும் அச்சத்தை இவை குறைத்தன. ஆனால், அவற்றில் பொருத்திய அலகு பழைய கத்தியின் தடித்த துண்டே. அதை அடிக்கடி கழற்றித் தீட்ட வேண்டியிருந்தது.

ஜில்லெட்டின் எண்ணம் இங்குதான் வேறுபட்டது. முடியை அறுப்பது கத்தியின் விளிம்பு மட்டுமே. தடித்த முதுகு அவ்விளிம்பைத் தாங்குவதற்காகவே இருக்கிறது. தாங்கும் வேலையைக் கருவியின் தலைப்பகுதிக்குக் கொடுத்துவிட்டால் அலகு மெல்லிய தகடாக இருந்தாலே போதும். மெல்லிய தகட்டை மலிவாகச் செய்யலாம், இரு விளிம்புகளையும் கூராக்கலாம், மழுங்கியதும் வீசிவிடலாம். பெயிண்டர் கூறிய பொருள் கிடைத்துவிட்டது என்று அவர் மகிழ்ந்தார். கடைக்குச் சென்று பித்தளைத் துண்டுகளும் எஃகுப் பட்டையும் அரமும் வாங்கிவந்து முதல் மாதிரியைச் செய்யத் தொடங்கினார்.

பணிய மறுத்த எஃகு

எண்ணியது எளிது, செய்வது அரிதாயிற்று. எஃகு கூர்மையை நெடுநேரம் தாங்க வேண்டுமானால் அதைச் செஞ்சூடாக்கி உடனே குளிர்வித்துக் கடினப்படுத்த வேண்டும். தடித்த கத்தி இச்சூட்டைத் தாங்கும். மெல்லிய தகடோ நெளிந்து சுருங்கிவிடும். நெளிந்த தகட்டில் நேரான விளிம்பைத் தீட்ட இயலாது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து வல்லுநர்களும் கத்தி செய்வோரும் இது நடவாத செயல் என்றனர். நண்பர்கள் நகைத்தனர். ஜில்லெட் உலோகவியல் கற்றவர் அல்லர். கற்றிருந்தால் தாமும் முயற்சியைத் தொடக்கத்திலேயே கைவிட்டிருக்கக்கூடும் என்று அவர் பின்னாளில் கருதினார்.

ஆறு ஆண்டுகள் கடந்தன. விற்பனையாளர் வேலையை விடாமல் செய்துகொண்டே, கிடைத்த பணத்தை ஆய்வில் செலவிட்டார். 1901இல் வில்லியம் எமரி நிக்கர்சன் என்னும் பொறியாளரின் துணை கிடைத்தது. அவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். இயந்திரங்களை வடிவமைப்பதில் தேர்ந்தவர். அவரும் முதலில் தயங்கினார். பின்னர்ச் சிக்கலின் ஆழத்தை ஆராய்ந்து பணியை ஏற்றார். மெல்லிய எஃகைக் கடினப்படுத்தும் முறையையும் இரு விளிம்புகளையும் தீட்டும் இயந்திரங்களையும் அவர் படிப்படியாக உருவாக்கினார். கருத்து ஜில்லெட்டுடையது, அதைத் தொழிற்சாலையில் பிறக்கச் செய்தவர் நிக்கர்சன். பிளேடின் உறையில் ஒருவர் முகம் மட்டுமே இடம்பெற்றது என்றாலும், அதனுள் இருந்த தகடு இருவர் உழைப்பின் விளைவு.

1901ஆம் ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதற்கு ஜில்லெட்டின் பெயர் சூட்டப்பட்டது. விற்பனை தொடங்கும் முன்பே கடன் கழுத்தை நெரித்தது. பாஸ்டன் நகரச் செல்வர் ஜான் ஜாய்ஸ் பணம் தந்து உதவியதால் நிறுவனம் பிழைத்தது. 1904ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் ஜில்லெட்டுக்கு 7,75,134 என்னும் எண்ணுடைய அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது.

கருவியின் நுட்பம்

அக்கருவி மூன்று பகுதிகளால் ஆனது. மேலே வளைந்த மூடி. கீழே சீப்புப் பற்கள் கொண்ட காப்புத்தட்டு. அடியில் திருகு பொருந்திய கைப்பிடி. மூடிக்கும் காப்புத்தட்டுக்கும் இடையில் பிளேடை வைத்துக் கைப்பிடியைத் திருகினால் மூடி கீழிறங்கும். தட்டையான பிளேடு வில்லைப்போல வளையும்.

அவ்வளைவே இக்கருவியின் உயிர். ஒரு தாளின் ஓரத்தைப் பிடித்துத் தட்டையாக நீட்டினால் தாள் தொங்கிவிடும். அதையே சற்றுக் குழிவாக வளைத்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். பிளேடும் அவ்வாறே. தட்டையாக இருக்கையில் துவளும் தகடு, வளைத்து இறுக்கப்பட்டதும் விறைப்புப் பெறுகிறது. விறைப்பு இல்லாத பிளேடு முடியில் பட்டதும் அதிரும். அதிரும் விளிம்பு முடியை அறுக்காமல் இழுக்கும். தோலில் எரிச்சலை உண்டாக்கும். ஆகவே, சவரத்தின் இதம் பிளேடின் கூர்மையில் மட்டும் இல்லை. அதைப் பற்றியிருக்கும் பிடியிலும் இருக்கிறது.

மூடியின் சரிவும் காப்புத்தட்டின் விளிம்பும் சேர்ந்து பிளேடு தோலைத் தொடும் கோணத்தைப் பெரிதும் நெறிப்படுத்துகின்றன. முன்பு கைத்திறன் செய்த வேலையின் பெரும்பகுதியைக் கருவியின் வடிவம் ஏற்றுக்கொண்டது. காப்புத்தட்டின் பற்கள் பிளேடுக்கு முன்னே சென்று தோலைச் சமப்படுத்துகின்றன. அவற்றின் இடைவெளி வழியே சோப்பு நுரை தடையின்றி விளிம்பை அடைகிறது.

பிளேடுக்கும் காப்புத்தட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியும் முதன்மையானது. இடைவெளி கூடினால் ஓர் இழுப்பிலேயே மிகுதியான முடி நீங்கும். ஆனால், தோல் வெட்டுப்படும் வாய்ப்பும் கூடும். குறைந்தால் தோல் காக்கப்படும். ஆனால், ஒரே இடத்தைப் பலமுறை மழிக்க நேரும். பலமுறை மழிப்பதும் எரிச்சலையே தரும். எனவே, விரைவையும் இதத்தையும் ஒருசேரப் பெறுவது இடைவெளியைச் சரியாக அமைப்பதைப் பொறுத்தது. ஜில்லெட்டின் கருவியில் கைப்பிடியைச் சற்றே தளர்த்தியும் இறுக்கியும் பிளேடின் விளிம்பு வெளித்தெரியும் அளவை மாற்றிக்கொள்ள முடிந்தது. கருவியின் எடையே முடியை அறுக்கப் போதுமானது. கையால் அழுத்தினால் காப்பு பயனற்றுப்போகும்.

> தெரியுமா?
> ஜில்லெட்டின் தொடக்ககாலப் பிளேடின் தடிமன் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். வெந்நீரில் நனைந்த முடி நீரை உறிஞ்சி மென்மையாகிறது. உலர்ந்த முடியைவிட அதை அறுக்கக் குறைந்த விசையே போதும். சவரத்திற்கு முன் முகத்தை நன்கு நனைத்து நுரை பூசுவதன் காரணம் இதுவே.

ஐம்பத்தொன்றிலிருந்து இலட்சங்களுக்கு

1903ஆம் ஆண்டு கருவி சந்தைக்கு வந்தது. அவ்வாண்டு விற்றவை 51 கருவிகளும் 168 பிளேடுகளும் மட்டுமே. கருவியின் விலை ஐந்து டாலர். தொழிலாளியின் வாரக் கூலியில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். ஆனால், வாங்கியோர் அதன் எளிமையைப் பிறரிடம் கூறினர். மறு ஆண்டில் 90,000க்கும் மேற்பட்ட கருவிகள் விற்றன. பிளேடின் உறையில் மீசையோடு கூடிய ஜில்லெட்டின் முகமும் கையொப்பமும் அச்சிடப்பட்டன. பல மொழி பேசும் நாடுகளுக்கு அவ்வுறை சென்றதால், எழுத்தறியாதவரும் அவர் முகத்தை அறிந்தனர்.

1917இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. நச்சுவாயுவைத் தடுக்கும் முகமூடி தோலோடு இடைவெளியின்றிப் பொருந்தத் தாடியற்ற முகம் தேவைப்பட்டது. அமெரிக்க அரசு படைவீரர்களுக்காக 35 இலட்சம் சவரக்கருவிகளையும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட பிளேடுகளையும் வாங்கியது. பதுங்குகுழிகளில் தாமே முகம் மழிக்கப் பழகிய வீரர்கள், போர் முடிந்ததும் அப்பழக்கத்தோடு வீடு திரும்பினர். முடிதிருத்துநரை நாடிச் சென்று செய்துகொண்ட சவரம் வீட்டுக் கண்ணாடியின் முன் நடைபெறும் அன்றாடச் செயலாக மாறியது.

1921இல் காப்புரிமைக் காலம் முடிந்தது. இனி எவரும் அக்கருவியைச் செய்யலாம் என்ற நிலையில், நிறுவனம் திருத்திய வடிவத்தை வெளியிட்டது. பழைய வடிவில் பிளேடின் விளிம்புப் பகுதி போதிய தாங்கலின்றி இருந்தது. புதிய வடிவில் மூடி பிளேடின் விளிம்புக்கு மிக அருகில் அழுத்தியது. காப்புத்தட்டின் தோள்பகுதி அடியிலிருந்து தாங்கியது. இரண்டுக்கும் இடையில் விளிம்பு அசையாமல் நின்றது. அதிர்வு குறைந்தது; சவரம் மேலும் இதமாயிற்று. பழைய வடிவம் ஒரு டாலர் விலைக்கு வந்ததால் எளிய மக்களும் அதை வாங்கினர்.

நிறைவேறாத கனவு

செல்வம் பெருகிய பின்னும் ஜில்லெட் தம் பழைய கனவை மறக்கவில்லை. 1910இல் அரிசோனாவில் உலகப் பெருநிறுவனம் ஒன்றை அமைக்க முனைந்தார். அதன் தலைமையை ஏற்குமாறு முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டை அழைத்தார். பத்து இலட்சம் டாலர் தருவதாகவும் கூறினார். ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். 1924இல் எழுத்தாளர் அப்டன் சின்க்ளேரின் துணையோடு மக்கள் நிறுவனம் பற்றிய மற்றொரு நூலை வெளியிட்டார். பிளேடை வாங்கிய உலகம் அந்நூலைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வடிவமைப்பைச் சரிசெய்தால் முகம் காயமுறாது என்று கண்டறிந்தவர், சமுதாயத்தின் அமைப்பைச் சரிசெய்தால் வறுமையும் நீங்கும் என்று நம்பினார். மூன்று பகுதிகள் கொண்ட கருவிக்குப் பொருந்திய தீர்வு கோடிக்கணக்கான மனங்கள் கொண்ட உலகுக்குப் பொருந்தவில்லை.

நிறுவனத்தின் ஆட்சி பங்குதாரர் பூசல்களால் அவர் கையைவிட்டு மெல்ல விலகியது. அவர் கலிபோர்னியாவில் குடியேறி நிலங்களையும் பண்ணைகளையும் வாங்கினார். 1929இல் பங்குச்சந்தை வீழ்ந்தது. மறு ஆண்டு, போட்டி நிறுவனத்தோடு இணையும்போது கணக்குகளில் வருவாய் மிகையாகக் காட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. பங்குகளின் மதிப்பு சரிந்தது. இளமையில் தீயிடம் செல்வத்தை இழந்த குடும்பத்தின் பிள்ளை, முதுமையில் சந்தையிடம் தம் செல்வத்தின் பெரும்பகுதியை இழந்தார். 1932ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள், தம் 77ஆம் வயதில் அவர் மறைந்தார்.

தகடு விட்டுச்சென்றவை

அவர் வகுத்த மூன்று பகுதி அமைப்பு நூறாண்டுகளைக் கடந்தும் வாழ்கிறது. தமிழ்நாட்டின் முடிதிருத்தகங்களில் இரட்டை விளிம்புப் பிளேடை இரண்டாக ஒடித்துப் பிடியில் செருகி, ஒருவருக்குப் பயன்படுத்தியதும் மாற்றிவிடுகின்றனர். நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாமல் காப்பதற்கு, வீசியெறியும் பிளேடு இவ்வாறு உதவுகிறது. மறுபுறம், பயன்படுத்தி வீசும் பழக்கம் பிற்காலத்தில் நெகிழிக் கருவிகள்வரை பரவிக் குப்பையைப் பெருக்கியது. வீணாவதைக் கண்டு வருந்தி நூல் எழுதியவரின் கண்டுபிடிப்பிலிருந்தே இதுவும் கிளைத்தது.

ஜில்லெட் எஃகின் இயல்பை அறியாமல் தொடங்கினார். அறிந்தவரைத் துணைக்கொண்டு முடித்தார். தனித்து நின்றால் துவளும் தகடு, உரிய வளைவும் உறுதியான தாங்கலும் பெற்றபோது தன் வேலையைச் செய்தது. இந்த உண்மையைக் கண்டடைய அவருக்கு எட்டு ஆண்டுகள் ஆயின.

கற்பவை கற்றபின்

1. சவரக்கருவியின் வடிவம் சவரத்தின் இதத்தையும் விரைவையும் தீர்மானிக்கும் முறையைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
2. ஜில்லெட்டின் கண்டுபிடிப்பில் நிக்கர்சனின் பங்கை மதிப்பிடுக.
3. ‘பயன்படுத்தி வீசும் பொருள்கள்: நன்மையும் தீமையும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.